சாடியில் சாகாத செடி மணலில் என்ன செய்யும்?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் மேடையிலிருந்து இறங்கியவர்கள் குறைவு. தேர்தல் காலமென்றால் ஒரே பின்னேரத்தில் மூன்று கூட்டங்களில் கேட்கலாம். ஒற்றுமைக்கு ஓர் உவமை, அதோடு சரி. அந்தக் கொடி எங்கே படர்கிறது, ஏன் திரள்கிறது, திரண்டு என்ன செய்கிறது என்று எவரும் மைக்கில் விளக்குவதில்லை. முந்தி அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கரையோரச் சனம் அந்தக் கொடியை மிதித்துக்கொண்டுதான் தொழிலுக்குப் போய் வந்தது.

பருத்தித்துறையிலிருந்து கற்கோவளம், வல்லிபுரம் தாண்டி மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று கடலை ஒட்டிப் போனால் குடாநாட்டின் மணற்குன்றுகள் வரும். வலிகாமத்துச் செம்மண்ணிலும் சுண்ணாம்புக் கல்லிலும் வளர்ந்தவர்களுக்கு அது வேறு நாடு மாதிரி இருக்கும். மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்கின்றன. ஒரு கோயிலையே மூடுகிற மணல் சும்மா கிடக்கிற மணல் அல்ல. அது நடமாடும் மணல். அந்த நடமாட்டத்தைக் கெடுக்கக்கூடிய ஒருவகைச் செடிகளைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்: நாங்களே காசு கொடுத்து வாங்கி, சாடியில் வைத்து, அலுத்ததும் வேலிக்கு வெளியே எறிகிற, கள்ளி மாதிரியான சதைப்பற்றுச் செடிகள்.

போன வருடம் மணற்காட்டுப் பக்கம் போனபோது, தார் வீதி முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு குப்பைக் குவியலைக் கண்டேன். ஏதோ ஒரு வீட்டு முற்றத்தைத் துப்புரவாக்கி ஏற்றிவந்து கொட்டியிருக்கிறார்கள். உடைந்த சீமெந்துச் சாடிகள், காய்ந்த குரோட்டன், சுருண்டுபோன மணி பிளான்ட், பிளாஸ்டிக் பைகள். குரோட்டன் செத்திருந்தது, மணி பிளான்ட் செத்திருந்தது, ரோசாக் கிளை விறகாகியிருந்தது. இரண்டு மட்டும் சாகவில்லை. ஒன்று, இலை ஓரமெல்லாம் குட்டிகள் முளைக்கிற அந்தத் தடித்த இலைச் செடி. கட்டிப்போட்டால் குட்டி போடும் என்பார்களே, அதன் சொந்தக்காரி. மற்றது எங்கள் பழைய நாகதாளிக் கள்ளி. ஒரு மடல் குப்புற விழுந்து கிடந்தது. காலால் புரட்டிப் பார்த்தேன். மணலைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் வெள்ளை நூல் மாதிரி ஏழெட்டு வேர். மேல் விளிம்பில் நகக்கண் அளவில் புது மடல் ஒன்று சிவப்பாய் எட்டிப் பார்த்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எப்படிச் சாகாமல் இருக்கிறது? சாதாரணச் செடி பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுக்கும். துளை திறந்தால் உள்ளேயிருக்கும் ஈரமும் வெளியே போகும். வெயிலில் நிற்கிற செடிக்கு இது பெரிய நட்டம். கள்ளி வகைகள் பகல் முழுக்கத் துளைகளை அடைத்துவிட்டு இராத்திரியில்தான் திறக்கின்றன. குளிர்ந்த நேரத்தில் எடுத்த காபனீரொட்சைட்டை ஓர் அமிலமாக்கிச் சதைக்குள் வைத்துக்கொண்டு, விடிந்த பிறகு, துளையைத் திறக்காமலே வெயிலைக் கொண்டு சமைத்துக்கொள்கின்றன. இரவில் சந்தைக்குப் போய்ப் பகலில் சமைக்கிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் செலவாகும் தண்ணீர் மிகவும் குறைவு. மேல்தோலில் மெழுகு, உள்ளே வழுவழுப்பான சதை, மழைத்துளி விழுந்தால் உடனே கிளம்புகிற மேலோட்டமான வேர். உடைந்த துண்டு காயாது. உடைந்த வாய் காய்ந்து மூடிக்கொள்ளும், அப்புறம் வேர் விடும். "தண்ணி ஊத்த மறந்தாலும் பிரச்சினை இல்லை" என்று நேர்சரிக்காரர் சொல்லி விற்கிறாரே, அந்தக் குணம்தான் மணலில் வில்லங்கமாகிறது.

சரி, மணலில் ஏதோவொன்று பச்சையாய் நின்றால் நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு மணற்குன்று எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

வாடைக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக் கடல் மூர்க்கமாகும். அலை கரையைக் கரைத்து மணலை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கடல் தணிந்த பிறகு சிறிது சிறிதாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். காய்ந்த மணலைக் காற்று தூக்கும். தூக்குகிறது என்றால் பறக்க விடுவதில்லை. பெரும்பாலும் மணற்பருக்கைகள் முழங்கால் உயரத்துக்குள் துள்ளித் துள்ளித்தான் ஓடும். வெறுங்காலோடு நின்றால் கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் இருக்குமே, அதுதான். வழியில் எது தடுத்தாலும் அதன் பின்னால் மணல் விழும். ஒரு மரக்கட்டை, ஒரு பழைய வலைத்துண்டு, ஒரு கொடி.

கட்டை தடுத்தால் கட்டையின் உயரத்தோடு மணல் நின்றுவிடும். கொடி தடுத்தால் நிற்காது. அடம்பன் கொடியின் கணுவை மணல் மூடினால் அந்தக் கணுவில் வேர் விடும், நுனி மேலே ஏறும். மறுபடியும் மூடினால் மறுபடியும் ஏறும். புதைக்கப் புதைக்க வளர்கிற செடி அது. மணல் உயர உயரக் கொடியும் உயரும், கொடி உயர உயர மணலும் சேரும். திரண்டால் மிடுக்கு என்பது இதுதான். அதன் இலையைச் சங்கப் புலவர் மானின் குளம்புக்கு ஒப்பிட்டார். அதற்கு இலத்தீன் பெயர் வைத்தவர்களுக்கு அது ஆட்டின் குளம்பாகத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே பிளந்த இலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். நெய்தல் நிலத்தில் மானைக் கண்டவரின் உவமை எனக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். கரையோரத்தில் சொறிமுட்டை பட்டால் இந்த இலையைக் கசக்கித்தான் பூசுவார்கள்.

அடம்பனுக்குத் துணை இராவணன் மீசை. ஊசி ஊசியாய் விறைத்து நிற்கிற புல். அதன் காய்ந்த பூங்கொத்து, முள்ளுப் பந்து மாதிரி உருண்டையாகக் கழன்று காற்றில் ஓடும். சின்ன வயதில் அதைத் துரத்தி ஓடியவர்கள் வடமராட்சியில் நிறையப் பேர். நாங்கள் துரத்தியது புல்லின் விதைப்பை. ஓடி ஓடிப் புது மணலில் விதைத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் உள்ளே வந்தால் தாழை, எருக்கலை, பற்றை, பனை. கடலிலிருந்து உள்ளே போகப் போகச் செடி மாறும், மணலின் நிறம் மாறும், வளை தோண்டுகிற நண்டும் பல்லி வகைகளும்கூட மாறும்.

மணற்குன்று தண்ணீர்த் தொட்டியும் கூட. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் வில்லை மாதிரி மிதக்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு உப்பைத் தள்ளிப் பிடிக்கும். நில அமைப்பைப் பொறுத்து அது கூடும் குறையும். ஆனால் மணல்மேடு கரைந்தால் கிணறு உவராகும் என்ற ஊர்ப் பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26-ஐ வடமராட்சி கிழக்குக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. அதே நாளில் தெற்கே யாலயில், கடல் நன்றாய்த் தெரியவேண்டும் என்று முன்னாலிருந்த மணற்குன்றை அகற்றியிருந்த ஒரு விடுதி அடியோடு போனது. பக்கத்தில் குன்று முழுதாக நின்ற இடங்களில் பாதிப்புக் குறைவு என்று பிறகு ஆய்வுக்குப் போனவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இப்போது அந்தக் குவியலுக்குத் திரும்புவோம். சதைப்பற்றுச் செடி மணலை அசையவிடாமல் பாயை விரித்ததுபோல் மூடும். மூடிய இடத்தில் அடம்பனின் விதை முளைக்க வெறும் மணல் கிடைக்காது. மழை விழுந்தால் மேலோட்டமான வேர் முந்திக்கொண்டு குடித்துவிடும். உதிர்கிற சதையும் காய்ந்த தண்டும் மக்கி மணலைக் கறுப்பாக்கும். விவசாயிக்குக் கறுப்பு மண் நல்லது. மணற்குன்றுச் செடிகளுக்கு அப்படியல்ல, அவை உரமில்லாத மண்ணில் வாழப் பழகியவை. உரம் ஏறினால் வேறு களைகள் உள்ளே வந்து இவற்றைத் தள்ளிவிடும். மேலும், ஓரிடத்தில் மணல் இறுகி நின்றால் அடுத்த இடத்துக்குப் போகவேண்டிய மணல் போகாது. குன்று தன்னைத்தானே திருத்திக்கொள்ள அந்த ஓட்டம்தான் வேண்டும்.

இதை உலகம் மிகத் தெளிவாகக் கற்றுக்கொண்டது ஒரு தென்னாபிரிக்கச் செடியிடமிருந்து. கார்ப்போபுரோட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். விரல் மாதிரித் தடித்த முக்கோண இலை, மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பெரிய பூ. படத்தில் பார்த்தால் வாங்கத்தான் தோன்றும். 1900-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகையிரதப் பாதையோர மண் சரியாமல் இருக்க அதை நட்டார்கள். பிறகு நெடுஞ்சாலைக் கரைகளில் 1970-கள் வரை நட்டுக்கொண்டே போனார்கள். ஒரு கொடி வருடத்துக்கு ஒரு மீற்றர் அளவுக்குப் பக்கவாட்டில் ஓடும், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படர்ந்து முழங்கால் அளவு தடிப்பான மெத்தையாகும். பழத்தை மானும் முயலும் தின்று விதையைக் கொண்டுபோய்க் குன்றில் போட்டன. மத்தியதரைக் கடல் தீவுகளில் எலியும் அந்த வேலையைச் செய்தது. வேடிக்கை என்னவென்றால், மண்ணைப் பிடிக்க நட்ட செடி செங்குத்தான கரைகளில் மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, பிடித்திருந்த மண்ணோடு சேர்ந்து சரிந்து விழுந்தது. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் கையால் பிடுங்கி நூற்றுக்கணக்கான தொன் அகற்றினார்கள். பிடுங்கிய பிறகும் விதை முளைக்கும் என்பதால் வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

அந்தச் செடி எங்கள் கரையில் நிற்கிறது என்று நான் சொல்லவரவில்லை. எங்களுக்கு அதைவிடப் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார்.

நாகதாளியை, தமிழ்நாட்டார் சப்பாத்திக்கள்ளி என்பதை, எங்கள் ஊர்ச் செடி என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அம்மம்மா வீட்டு ஒழுங்கையின் மூலையில் அது நின்றது. வேலிக்கு நல்லது, மாடு வராது, கள்ளனும் வரமாட்டான். பழுத்த காலத்தில் கத்தரிப்பூ நிறப் பழங்களைத் தடியால் தட்டி விழுத்தி, மணலில் போட்டுச் செருப்புக் காலால் உருட்டிச் சுணையைப் போக்கி, பிளந்து, நடுவில் இருக்கிற நட்சத்திர முள்ளைக் கவனமாக எடுத்து எறிந்துவிட்டுத் தின்போம். எவ்வளவு உருட்டினாலும் நாக்கில் இரண்டு சுணை ஏறாமல் விடாது. வாயும் சட்டையும் சிவந்து வீட்டுக்குப் போனால் பெரியம்மாவின் விசாரணை தனி.

ஆனால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிக்கோ வளைகுடாவையும் கரீபியன் தீவுகளையும் ஒட்டிய கடற்கரை மணல்தான் அதன் தாய்வீடு. கள்ளிக் குடும்பத்தில் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாமே இயல்பாக அந்தக் கண்டத்தில் மட்டும் வளர்ந்தவை. ஆக, உப்புக் காற்றும் வெறும் மணலும் அதற்குப் புதிதே அல்ல. எங்கள் கரைக்கு வந்தபோது வீட்டுக்கு வந்ததுபோல் இருந்திருக்கும், ஒரே வித்தியாசம் அப்போது இங்கே அதைத் தின்கிற பூச்சி இருக்கவில்லை.

அந்தப் பூச்சியின் கதை அரசியல், வியாபாரம், அறியாமை மூன்றும் கலந்தது. கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பிக்கிடக்கும் சின்னப் பூச்சியை நசுக்கினால் விரல் குங்குமச் சிவப்பாகும். ஐரோப்பாவில் சிவப்புத் துணிக்குச் சாயம் அதிலிருந்துதான் வந்தது. நல்ல சாயப்பூச்சி மெக்சிக்கோவில், அதாவது ஸ்பானியர் கையில். கிழக்கிந்தியக் கம்பனிக்கு அதில் பங்கு வேண்டும். சென்னையில் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற கம்பனி மருத்துவர் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட்டுக் காத்திருந்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பல் தலைவர் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். கொண்டுவந்தது வேறு பூச்சி! சாயம் மட்டம். ஆனால் பசி பெரிது. தென்னிந்தியாவில் அப்போது பரவிக்கிடந்த ஒரு கள்ளியினத்தை அது தின்றே அழித்தது. சாய வியாபாரம் படுத்துப்போனாலும், களையை அழிக்க ஒரு பூச்சி போதும் என்பது அங்கேதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1865 வாக்கில் அதே பூச்சியைப் பாக்குநீரிணையைத் தாண்டி இலங்கைக்கு வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். களையை ஒழிப்பதற்கென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உயிரினத்தை எடுத்துச்சென்று வெற்றி கண்ட முதல் சம்பவங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 1896-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது சிலோனிக்கஸ் என்று வைத்தார்கள். தென்னமெரிக்காவில் பிறந்த பூச்சி, எங்கள் தீவின் பெயரோடு திரிகிறது.

ஆனால் அந்தப் பூச்சி எங்கள் நாகதாளியைத் தொடவில்லை. அது தின்றது வேறு கள்ளியினம். இது அதன் வாய்க்கு ஒத்துவரவில்லை. அதனால் முன்னவர் காலியான பிறகு நாகதாளி தன்பாட்டில் பரவியது. 1924-இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு வகைச் சாயப்பூச்சியை இலங்கைக்கு எடுத்தார்கள். அது பிடித்தது. இரண்டு வருடம் கழித்து, 1926-இல், இங்கிருந்து அதைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். முதல் பூச்சி அங்கிருந்து இங்கே, இரண்டாவது இங்கிருந்து அங்கே. கள்ளி விடயத்தில் கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது.

அவுஸ்திரேலியா ஏன் அதை வைத்திருந்தது என்றால், அங்கே நிலைமை பயங்கரம். தோட்டத்து அழகுக்கும் வேலிக்கும் என்று வைத்த இதே நாகதாளி, 1920-களில் 2.4 கோடி ஹெக்டேயர் அளவு நிலத்தில் ஏறி நின்றது. இலங்கை முழுவதையும் சேர்த்தால்கூட அதில் மூன்றில் ஒரு பங்கு வராது. சனம் காணியை விட்டுவிட்டு ஓடியது. ஆர்ஜென்ரீனாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் மடலைக் குடைந்து குடைந்து, சில வருடங்களில் காட்டைச் சேறாக்கின. குவீன்ஸ்லாந்தில் பூணார்கா என்ற சின்ன ஊரில் அந்தப் பூச்சியின் நினைவாக 1936-இல் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ எங்களுக்கும் பூச்சியை விட்டால் சரிதானே" என்று சொல்லக்கூடாது. மடகஸ்கார் தெற்கில் 1920-களில் பூச்சி விட்டபோது கள்ளி அழிந்தது, அதையே மாட்டுக்குத் தீனியாகவும் வரட்சிக் காலத்தில் சாப்பாடாகவும் நம்பியிருந்த மக்களிடையே பஞ்சம் வந்தது. மொரோக்கோவில் 2014 முதல், இலங்கைக்கு இரண்டாவதாக வந்த அதே வகைச் சாயப்பூச்சி, விவசாயிகள் பழத்துக்காக வளர்த்த கள்ளித் தோட்டங்களை நாசம் பண்ணுகிறது. பூச்சிக்கு வேலி தெரியாது. எங்களிடம் கள்ளித் தோட்டம் இல்லை என்பதால் ஆபத்துக் குறைவுதான், ஆனாலும் அது தனிநபர் செய்கிற வேலை அல்ல.

பூச்சி இருந்தும் நாகதாளி முற்றாகப் போகவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தல தேசியப் பூங்கா, 1990-இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம், இன்றைக்கும் நாகதாளியோடும் சீமைக்கருவேலோடும் மல்லுக்கட்டுகிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கரையோர வரட்டு நிலங்களில் அங்கங்கே கும்பலாய் நிற்பதைப் பார்க்கலாம். ஆடு, மாடு மேய்கிற நிலத்தில் அதற்கு இன்னும் வாய்ப்பு. ஆடு சுற்றியுள்ள புல்லைக் கடித்துவிட்டு முள்ளை விட்டுவிடுகிறது. போட்டியாளரை ஆடு தின்கிறது, வெயிலும் மழையும் கள்ளிக்கு மட்டும். காகமும் மைனாவும் பழத்தைத் தின்று விதையைப் பனையடியில் போடுகின்றன. பனையடியில் முளைக்கிற நாகதாளியை ஒருவரும் நட்டதில்லை.

இதில் போர்க்காலத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வருடக் கணக்கில் ஆளில்லாத வளவுகளில் பூமரமெல்லாம் பட்டுப்போக, கள்ளியும் கற்றாழையும் வேலியைத் தாண்டி வெளியே வந்ததைத் திரும்பிப் போனவர்கள் கண்டிருப்பார்கள். எங்கள் வளவிலும் கிளுவைக் கதியால்கள் சரிந்து கிடந்தன, மூலையில் நின்ற ஒரு ஆனைக்கற்றாழை குட்டி போட்டுக் குட்டி போட்டுக் கிணற்றடி வரை வந்திருந்தது. பாத்தீனியக் களையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் படையோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்தாலும், வந்ததை நாங்கள் கவனிக்கும்போது தோட்டம் முழுக்க நின்றது. இந்த விடயத்தில் எங்களுக்குக் கண் பிந்தித்தான் திறக்கிறது.

புதிதாக வருகிறவற்றில் எனக்குப் பயம் கூடியது அந்தக் குட்டி போடுகிற இலைச் செடியில்தான். மடகஸ்காரில் பிறந்தது. ஓர் இலை ஓரத்தில் பத்து இருபது குட்டி, ஒவ்வொன்றும் வேரோடு விழும். அதன் நெருங்கிய இனம் ஒன்று அவுஸ்திரேலியாவில் தோட்டத்தை விட்டு வெளியேறி மேய்ச்சல் நிலத்தில் பரவியது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் உண்டு. 1997-இல் நியூ சவுத் வேல்ஸில் மோரி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஓட்டிக்கொண்டு போன மந்தையில் 125 மாடுகள் அதைத் தின்று செத்தன. கடற்கரைப் புல்லில் மாட்டை அவிழ்த்துவிடுகிற எங்கள் ஊர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. இன்றைக்கு அந்தச் செடி முகநூலில் "சும்மா தாறன், வந்து எடுங்கோ" என்று கைமாறுகிறது.

இந்த ஆபத்தின் அளவையும் சொல்லவேண்டும். குடாநாட்டு மணற்குன்றுக்கு இன்றைக்கு முதல் எதிரி செடி அல்ல, மணல் ஏற்றுகிற டிப்பர் லொறி. 2009-க்குப் பிறகு வீடும் வீதியும் மதிலும் கட்டிய மணலில் ஒரு பங்கு வடமராட்சி கிழக்கிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், எனது வீட்டு மதிலும் உட்பட. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981-இலேயே வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் அதன் எல்லைக்குள் வரும். இருந்தும் இரவில் ஓடுகிற வாகனத்தின் சத்தம் ஊருக்குப் பழகிப்போய்விட்டது. டிப்பரும் செடியும் தனித்தனிக் கதையும் அல்ல. மணல் அள்ளிய குழியின் ஓரத்தில் அடம்பன் கிடையாது, அது கிழிபட்டுப் போய்விட்டது. காலியான இடத்தில் முதலில் வந்து குந்துவது ஒடிந்த துண்டில் முளைக்கிற செடிதான். டிப்பர் அந்தத் துண்டை மணலோடு சேர்த்து ஏற்றி அடுத்த ஊருக்கும் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

மணற்காட்டுச் சவுக்கங்காட்டையும் இங்கே இழுக்காமல் விடமுடியாது. மணலைக் கட்ட நட்ட மரம், வெளியிலிருந்து வந்த மரம். நிழல் இருக்கிறது, விறகு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாய்ப் போய்ப் படம் எடுக்கிறோம். அதன் ஊசிச் சருகு மெத்தைக்குக் கீழே குனிந்து பார்த்தால் வேறொன்றும் முளைத்திருக்காது. நான் அதை வெட்டச் சொல்லவில்லை. மணலென்றால் வெறும் தரை, எதையாவது நட்டு மூடவேண்டும் என்ற எண்ணம் எங்களிடம் எவ்வளவு பழையது என்பதற்காகச் சொன்னேன். கலிபோர்னியாவிலும் அதே எண்ணத்தில்தான் நட்டார்கள்.

நாகதாளியை அகற்றுவது எப்படி என்று கேட்டால், வெட்டுவதுதான் ஆகப் பிழையான வழி. எனக்கு இதைச் சொன்னவர் குடத்தனைப் பக்கம் கரைவலைக்காரர் ஒருவர். குவியலில் நின்ற நாகதாளியைக் கத்தியால் கொத்தப் போனபோது மீன்வாடிக்குள் இருந்தபடியே கத்தினார்: "தம்பி, உதை வெட்டாதேங்கோ. வெட்டினா ஒண்டு பத்தாகும்." ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதைத்தான். இயந்திரத்தால் இடித்துத் தள்ளினால் ஆயிரம் துண்டாகும். அடியோடு தோண்டவேண்டும், விழுந்த மடல் ஒன்றையும் விடாமல் பொறுக்கவேண்டும், மணலைத் தொடாத இடத்தில் காயவைத்து எரிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆழப் புதைக்கவேண்டும். கையுறை போட்டாலும் சுணை உள்ளே போகும். எனக்கு மூன்று நாள் விரல் இடுக்கில் அரித்தது. தோண்டிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த வாடையில் அந்த இடம் காற்றில் பள்ளமாகும். அதனால் அன்றைக்கே பக்கத்திலிருந்து அடம்பன் கொடியை முழ நீளத்துக்கு அறுத்து, இரண்டு கணு மணலுக்குள் இருக்கும்படி புதைத்துவிடலாம். மாரி தொடங்குகிற நேரத்தில் வைத்தால் தண்ணீர்கூட ஊற்றத் தேவையில்லை.

வீட்டில் செய்யவேண்டியது அதைவிடச் சுலபம். கள்ளி வளர்ப்பதில் குற்றம் எதுவுமில்லை. என் விறாந்தையிலும் மூன்று சாடி இருக்கிறது. கழித்த துண்டைக் குளத்தடியிலோ கடற்கரையிலோ கொட்டாமல் இருந்தால் போதும். கடலோர வளவுக்காரர் வேலிக்கு நாகதாளிக்குப் பதிலாகத் தாழையையோ கிளுவையையோ வைக்கலாம். விடுதி கட்டுகிறவர்கள் முற்றத்து மணலில் வெளிநாட்டுச் செடி நட்டு அழகுபடுத்துவதை விட்டு, ஏற்கெனவே நிற்கிற அடம்பனைப் பிடுங்காமல் விட்டாலே ஊதாப்பூ தானாக வரும். காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் வாடும். விருந்தினர் நேரத்துக்கு எழும்பவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தக் குவியலில் இருந்ததைத் தோண்டி, குட்டிச் செடிகளையும் பொறுக்கி, இரண்டு உரப்பைகளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எரிக்க நேரமில்லாமல் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் இல்லை, மண் இல்லை, வெளிச்சமும் இல்லை. நாலு மாதம் கழித்துப் பையை அவிழ்த்தபோது குட்டி இலைகள் தூளாகக் கொட்டின. நாகதாளி மடல்கள் கிழவன் தோல் மாதிரிச் சுருங்கிக் கிடந்தன. அவற்றில் ஒன்று பையின் தையல் ஓட்டைக்குள்ளால் வெள்ளை வேர் ஒன்றை வெளியே நீட்டியிருந்தது.